இருபத்தொன்றும் நால்வர் போட்ட கணக்கும்

நளன் கதையை அறியாத தமிழ் இல்லம் இல்லை. அவன் புட்கரனோடு சூதாடி நாட்டை இழந்ததும், உடுத்த துணியையும் பறிகொடுத்துக் கானகத்திலே தமயந்தியைப் பிரிந்ததும் சிறுவர்க்கும் தெரியும். ஆயின், இழந்ததை அவன் எவ்வாறு மீட்டான் என்று வினவினால் பெரியோரிலும் பலர் சிறிது தயங்கவே செய்வர். வாகுகன் என்னும் பெயரோடு இருதுபன்னனுக்குத் தேரோட்டிச் சென்ற வழியில், அவ்வரசன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தே அதிலுள்ள காய்களின் தொகையைச் சொன்னான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தான். தொகை சரியாகவே இருந்தது. தன் குதிரை நூலை அவனுக்குக் கொடுத்து, அவனுடைய கணக்கு வித்தையைத் தான் பெற்றுக்கொண்டான். அந்த வித்தையோடு திரும்பி வந்து ஆடியபோதுதான் புட்கரன் தோற்றான்.

மரத்துக் காயை எண்ணுவதற்கும் சூதுக்கும் என்ன தொடர்பு என்று வகுப்பிலே மாணாக்கர் கேட்பதுண்டு. அப்போதெல்லாம், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலே நிகழ்ந்த ஒரு வரலாற்றை எடுத்துச் சொல்வது எமது வழக்கம். அது 'பிளக்ஜாக்' என்றும் 'இருபத்தொன்று' என்றும் வழங்கும் சீட்டாட்டத்தைப் பற்றியது. சூதைப் பற்றிக் குடும்பப் பகுதியில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள்க. வள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியவர். கொழும்பிலும் இவ்வாட்டம் ஆடப்படும் விடுதிகள் உள்ளன. கையடக்கத் தொலைபேசியிலும் அது வந்துவிட்டது. பெற்றோர் அதன் பெயரைச் சொல்லாதிருப்பதால் பிள்ளைகள் அதனை அறியாதிருக்கப் போவதில்லை.

ஆட்டத்தின் விதி எளிது. ஆடுபவருக்கு இரண்டு சீட்டுகள். விடுதியின் சார்பிற் சீட்டுப் பகிர்பவருக்கும் இரண்டு. பகிர்பவருடைய சீட்டுகளில் ஒன்று முகந்தெரியக் கிடக்கும், மற்றது கவிழ்ந்திருக்கும். இரண்டு முதல் பத்து வரையுள்ளவற்றுக்கு அவற்றின் எண்ணே பெறுமதி. ஜாக், இராணி, இராசா என்னும் படச்சீட்டுகளுக்குப் பெறுமதி பத்து. ஏஸ் என்பதை ஒன்றாகவும் கொள்ளலாம், பதினொன்றாகவும் கொள்ளலாம். கூட்டுத்தொகையை 21ஐக் கடவாமல் அதற்கு அண்மையிற் கொண்டுவருதலே நோக்கம். ஆடுபவர் விரும்பினால் மேலும் சீட்டு வாங்கலாம், போதுமென்று நிற்கலாம். 21ஐக் கடந்தால் அக்கணமே தோல்வி. பகிர்பவருக்கோ விருப்பம் என்பதே கிடையாது. 16 அல்லது அதற்குக் குறைவாயின் அவர் வாங்கியே தீரவேண்டும். 17 வந்துவிட்டால் நின்றே தீரவேண்டும். முதல் இரு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்து 21 ஆகிவிடின் அதுவே பிளக்ஜாக். அதற்கு 100 ரூபா பந்தயத்துக்கு 150 ரூபா கொடுப்பது பழைய வழக்கம். இப்பேறு அண்ணளவாக 21 ஆட்டங்களுக்கு ஒருமுறை கிட்டும் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.

இவ்விதிகளில் விடுதிக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது? பார்வைக்கு எல்லாம் ஆடுபவருக்கே சாதகமாகத் தோன்றும். அவருக்குச் சுதந்திரம் உண்டு, பகிர்பவருக்கு இல்லை. அவருக்கு ஒன்றரை மடங்கு உண்டு, பகிர்பவருக்கு இல்லை. ஆனால் ஆடுபவர் முதலில் ஆடவேண்டும் என்னும் ஒரு சிறு விதி எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ஆடுபவரும் 21ஐக் கடந்து, பகிர்பவரும் கடந்தால், நியாயப்படி அது சமநிலை. விடுதியிலோ ஆடுபவருடைய பணம் முன்னரே எடுக்கப்பட்டாயிற்று.

ஆடுபவரும் பகிர்பவரைப் போலவே 17 வரும்வரை வாங்கி ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பகிர்பவர் எல்லை கடப்பது 100க்கு அண்ணளவாக 28 தடவை. அவரைப் போல ஆடினால் இவருக்கும் அதே 28. இருவரும் ஒருங்கே கடப்பது 28இல் 100க்கு 28 பங்கு, அதாவது ஏறத்தாழ 8. அந்த எட்டும் விடுதியின் பைக்குள் விழுகின்றன. பிளக்ஜாக்குக்குக் கிடைக்கும் மேலதிக அரைமடங்கினால் இரண்டே கால் அளவு திரும்பிவரும். மிச்சம் நூற்றுக்கு ஐந்தரை. பகிர்பவரைப் பார்த்து அப்படியே ஆடுவது பாதுகாப்பு என்று எண்ணுவோர் தரும் விலை இது. எல்லை கடக்கவே மாட்டேன் என்று 12இல் நின்றுவிடும் அச்சமுள்ளவர்கள் தரும் விலையும் நூற்றுக்கு நாலுக்குக் கிட்டியது.

1950களின் முற்பகுதியில் மேரிலண்ட் மாநிலத்திலுள்ள அபர்டீன் இராணுவ முகாமில் றோஜர் போல்ட்வின் என்னும் இளைஞர் படைச் சேவையில் இருந்தார். கணிதம் கற்றவர். முகாமிலே தோழர்களோடு சீட்டாடிய ஓர் இரவில், பகிர்பவர் 16இல் வாங்கவும் 17இல் நிற்கவும் கட்டுப்பட்டவர் என்னும் விதி பேச்சில் அடிபட்டது. ஏனையோருக்கு அது விதியாக மட்டுமே கேட்டது. போல்ட்வினுக்கோ அது ஒரு கணக்காகக் கேட்டது. எதிராளி சிந்திப்பதே இல்லையென்றால், ஒவ்வொரு நிலையிலும் எது நன்று என்பதைத் தாளிலே கண்டுவிடலாம் அல்லவா? வில்பர்ட் கான்ரி, ஹேர்பேட் மைசல், ஜேம்ஸ் மக்டெர்மொட் ஆகிய மூவரும் அவரோடு சேர்ந்தனர். இரவுகளிலும் ஓய்வு நாள்களிலும் மேசைக் கணிப்பு இயந்திரங்களைத் தட்டித் தட்டி, சாத்தியமான சீட்டுச் சேர்க்கைகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டனர். பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணிக்கவென்று அமைத்த 'எனியாக்' என்னும் மாபெருங் கணனி அதே முகாமிலேதான் 1947 முதல் 1955 வரை இயங்கியது. சூதுக் கணக்குக்கு அது கிட்டவில்லை; கைவிரல்களே உழைத்தன.

1956 செப்டெம்பரில் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கத்தின் ஆய்விதழிலே அவர்களுடைய கட்டுரை வெளியாயிற்று. அவர்கள் வகுத்த முறையில் ஆடினால் நட்டம் நூற்றுக்கு ஐந்தரையிலிருந்து 0.62 அளவுக்கு இறங்குகிறது என்பது அதன் முடிவு. பின்னர் கணனிகள் சரிபார்த்தபோது சிறு திருத்தங்களே வேண்டியிருந்தன.

அம்முறையின் உயிர் ஒன்றே: உன் சீட்டை மட்டும் பாராதே, பகிர்பவர் காட்டும் சீட்டையும் பார். அவர் 5 அல்லது 6ஐக் காட்டினால், 100க்கு 42 தடவையளவு எல்லை கடப்பார். 7ஐக் காட்டினால் அது 26 ஆகிவிடும். பத்தைக் காட்டி, கவிழ்ந்த சீட்டைப் பார்த்துப் பிளக்ஜாக் இல்லையென்று தெரிந்த பின்பு 23. ஆதலால் அவர் 4, 5, 6 காட்டும்போது நாம் 12இலேயே நின்றுவிடலாம். வீழ்வது அவர் வேலை. 2, 3 காட்டும்போது 13இல் நிற்கலாம், 12இல் ஒன்று வாங்கவேண்டும். 7 முதல் ஏஸ் வரை எதைக் காட்டினாலும் 17 வரும்வரை வாங்கவேண்டும். ஏஸைப் பதினொன்றாகக் கொண்ட தொகையாயின் 17இல் ஒருபோதும் நிற்கலாகாது. ஒரு சீட்டு வாங்குவதால் அத்தொகை எல்லை கடவாது. 9, 10, ஏஸ் ஆகியவற்றுக்கு எதிரே அவ்வகை 18இலும் வாங்குதலே நன்று என்பது பலருக்கு வியப்பாயிருக்கும்.

பந்தயத்தை இரட்டித்து ஒரேயொரு சீட்டு வாங்கும் உரிமையும் ஆடுபவருக்கு உண்டு. தொகை 11 ஆயின் பெரும்பாலும் இரட்டிக்கலாம். 10 ஆயின் 2 முதல் 9 வரையுள்ள சீட்டுக்கு எதிரே. 9 ஆயின் 3 முதல் 6 வரை. ஒரே எண்ணில் இரண்டு வந்தால் பிரித்து இரு ஆட்டமாக்கலாம். ஏஸ்களையும் எட்டுகளையும் எப்போதும் பிரிக்க வேண்டும். பத்துகளையும் ஐந்துகளையும் பிரிக்கவே கூடாது. கையில் இருக்கும் 20ஐ உடைப்பவர் விளைந்த வயலை உழுபவரை ஒப்பர்.

இவற்றுள் மனித மனத்துக்கு மிகவும் கசப்பான இடம் 16தான். ஆடுபவரிடம் 16, எதிரே பத்து. வாங்கினால் 13 வகைச் சீட்டில் 8 வகை அவரை வீழ்த்தும். பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். தம் கையாலே தோற்பதைவிடப் பகிர்பவர் கையாலே தோற்பது மானம் என்று எண்ணுகிறார்கள் போலும்! கணக்கு என்ன சொல்கிறது? நின்றால் 100 ரூபாவுக்குச் சராசரி நட்டம் 54 ரூபா. வாங்கினாலும் அண்ணளவாக அதே 54, வாங்குவதில் ஒரு மயிரிழை குறைவு. ஆகவே இங்கே அச்சத்துக்கு இடங்கொடுத்தாலும் பெருங்கேடு இல்லை. ஆனால் அதே அச்சம் 12இலும் வந்து நிற்கிறது; கேடு அங்கேதான். 10க்கு எதிரே 12இல் நிற்பவருக்கு நட்டம் 54, வாங்குபவருக்கு 38. அந்த 16 ரூபாவை அவரிடமிருந்து விடுதி பறிக்கவில்லை; அவரே மேசையில் வைத்துவிட்டு எழுகிறார்.

எட்டுகள் இரண்டைப் பிரிப்பதும் இத்தகையதே. ஒரு நட்டத்தை இரண்டாக்குவதா என்று கேட்பார்கள். 10க்கு எதிரே 16ஆக வைத்திருந்தால் 54 போகும். பிரித்து இரட்டைப் பந்தயம் வைத்தால் மொத்தமாகவே 48தான் போகும். இந்த முறை முழுவதையும் வெல்லும் மந்திரமாகக் கருதுவோர் இந்த ஒரு கணக்கைச் சிந்திக்க வேண்டும். அதன் அறிவுரைகளிற் பெரும்பகுதி, தோற்கப்போகும் இடத்தில் எவ்வளவு குறைவாகத் தோற்கலாம் என்பதைப் பற்றியதே.

பகிர்பவர் ஏஸைக் காட்டும்போது 'காப்புறுதி வேண்டுமா?' என்று கேட்பார். பெயர் எவ்வளவு நல்ல பெயர்! பந்தயத்தின் பாதியை வேறாக வைத்தால், கவிழ்ந்திருப்பது பத்தாயின் அதற்கு இருமடங்கு தருவர். 13 வகையில் பத்தின் பெறுமதி உடையவை 4. 50 ரூபா வீதம் 13 தடவை காப்புறுதி செய்தால், 4 தடவை வென்று 400 ரூபா பெறுவோம். 9 தடவை தோற்று 450 ரூபா இழப்போம். தம் சீட்டுக்குப் பாதுகாப்பு என்று நம்பி இதனை வாங்குவோர், உண்மையில் கவிழ்ந்த சீட்டின்மேல் மற்றுமொரு பந்தயம் கட்டுகிறார்கள். அதுவும் முதற் பந்தயத்தைவிட மோசமானது.

எமது பழைய மாணாக்கர் ஒருவர் கப்பற் பணியில் இருக்கிறார். துறைமுகங்களிலே இறங்கும்போது இம்மேசைகளில் அமர்வதுண்டு என்றும், தாம் ஒரு முறை கண்டிருப்பதாகவும், அதிற் பிழை உண்டானால் ஐயா காட்டவேண்டும் என்றும் சில மாதங்களுக்கு முன்பு கடிதம் எழுதியிருந்தார். முறை இதுதான்: 10 ரூபாவில் தொடங்குவது; தோற்றால் 20; மறுபடி தோற்றால் 40; என்றாவது ஒருமுறை வென்றே ஆகவேண்டும், அப்போது இழந்தவை யாவும் திரும்பி 10 ரூபா இலாபமும் நிற்கும். இக்கண்டுபிடிப்பு அவருடைய பாட்டனாருக்கும் பாட்டனார் காலத்தது என்பதை நாம் அவருக்குச் சொல்லவில்லை; கணக்கை மட்டும் எழுதினோம். எட்டு முறை தொடர்ந்து தோற்றால் போனது 2550 ரூபா. ஒன்பதாவது பந்தயம் 2560. பெரும்பாலான மேசைகள் அதற்குள் உச்சவரம்பைக் காட்டிவிடும். சமநிலைகளையும் இரட்டித்தல் முதலியவற்றையும் விட்டுக் கணக்கிட்டால், எட்டுத் தோல்வி ஒருங்கே வருவது அண்ணளவாக 150 தொடக்கங்களுக்கு ஒருமுறை. 149 தடவை பத்துப் பத்தாகச் சேர்த்த 1490 ரூபாவையும், அதற்கு மேல் ஆயிரத்துக்கு அதிகமான தொகையையும் அந்த ஒருமுறை கொண்டுபோய்விடும். பந்தயத்தின் அளவை எவ்வாறு மாற்றினாலும், ஒவ்வொரு ரூபாவின்மேலும் விடுதிக்குள்ள பங்கு மாறாது.

அப்படியாயின் நளன் வென்றது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தந்தவர் எட்வேட் தோர்ப் என்னும் கணிதப் பேராசான். 1958இல் மனைவியோடு லாஸ் வேகாஸ் சென்ற அவர், அந்நால்வரின் முறையைச் சிறு அட்டையில் எழுதிக்கொண்டு மேசையில் அமர்ந்தார். 10 டொலரில் எட்டரை டொலரைத் தோற்றார். ஆனால் வீடு திரும்பி அந்தக் கட்டுரையை ஆராய்ந்தபோது ஒன்று அவருக்குப் புலனாயிற்று. பகடைக்கு நினைவில்லை, இப்போது விழுந்த எண்ணை மறுமுறை அது அறியாது. சீட்டுக்கட்டுக்கு நினைவு உண்டு. ஆடப்பட்ட சீட்டு, மறுபடி கலைக்கும்வரை திரும்பி வராது. எஞ்சிய கட்டு ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறொரு கட்டு.

நம் ஊரில் '304' ஆடுவோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எந்த ஜாக் போயிற்று, எந்த ஒன்பது இன்னும் வெளிவரவில்லை, துரும்பில் எத்தனை மிச்சம் என்பதை விரல் மடக்காமலே கணக்கு வைத்திருக்கும் முதியவர்களைத் திண்ணைகளிலே கண்டிருக்கிறோம். பள்ளியில் எண்கணிதத்துக்கு அஞ்சி ஓடியவர்களும் அவர்களில் உண்டு!

தோர்ப் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஐ.பி.எம். 704 கணனியைக் கொண்டு, எந்தச் சீட்டு நீங்கினால் யாருக்கு நன்மை என்று ஆராய்ந்தார். கட்டிலுள்ள நான்கு ஐந்துகளும் போய்விட்டால், சரியாக ஆடுபவருக்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் சாதகம் உண்டாகிறது என்று கண்டார். சிறு சீட்டுகள் போய்ப் பத்துகளும் ஏஸ்களும் மிகுந்திருந்தால் ஆடுபவர் கை ஓங்கும். பிளக்ஜாக் இருவருக்கும் சமமாகவே வந்தாலும் ஒன்றரை மடங்கு ஆடுபவருக்கே. 12 முதல் 16 வரை கட்டாயமாக வாங்கவேண்டிய பகிர்பவர் பெருஞ்சீட்டால் வீழ்வார். பிற்காலத்தார் இதனை எளிதாக்கினர். 2 முதல் 6 வரை ஒன்று போனால் கூட்டல் ஒன்று; பத்தோ ஏஸோ போனால் கழித்தல் ஒன்று; 7, 8, 9க்கு ஒன்றுமில்லை. தொகை உயர்ந்திருக்கும்போது பந்தயத்தைக் கூட்டுவது, தாழ்ந்திருக்கும்போது குறைப்பது. இருதுபன்னன் மரத்தைப் பார்த்ததும் இவர்கள் கட்டைப் பார்ப்பதும் ஒரே பார்வைதான்.

1961இல் தோர்ப் தம் முடிவை வெளியிட்டார். இரு செல்வந்தர் தந்த 10,000 டொலரோடு நெவாடா சென்று, சில நாள்களில் அதனை இருமடங்குக்கு மேலாக்கினார். 1962இல் அவருடைய நூல் வெளிவந்தது. 1964 ஏப்ரிலில் லாஸ் வேகாஸ் விடுதிகள் இரட்டித்தலையும் ஏஸ்களைப் பிரித்தலையும் கட்டுப்படுத்தின. ஆடுவோர் கூட்டம் குறைந்ததால் சில வாரங்களுக்குள்ளேயே பழைய விதிக்குத் திரும்பின. நூலை வாங்கியவர்களிற் பெரும்பாலோர் எண்ணக் கற்கவில்லை, எண்ணத் தெரிந்தவராகத் தம்மைக் கருதிக்கொண்டு ஆட வந்தார்கள் என்பதை விடுதிகள் மெல்ல உணர்ந்தன. அந்நூல் அவற்றுக்கு நட்டத்தைவிட வாடிக்கையாளரையே மிகுதியாகக் கொடுத்தது. தோர்ப் பின்னர் சீட்டை விட்டுப் பங்குச் சந்தைக்குப் போய்ப் பெருஞ்செல்வரானார்.

உண்மையாகவே எண்ணுபவர்களை விடுதிகள் வெளியேற்றத் தொடங்கின. 1982இல் கென் அஸ்ரன் என்பவர் தொடுத்த வழக்கில், சீட்டை எண்ணுவதற்காக ஒருவரை விடுதி விலக்க முடியாது என்று நியூ ஜேர்சி மாநில உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆளை விலக்க இயலாவிடினும் ஆட்டத்தை மாற்றலாமே! ஒரு கட்டு இருந்த இடத்தில் ஆறும் எட்டும் வந்தன. ஆடிய சீட்டுகளை உடனுக்குடன் மீண்டும் கலந்துவிடும் இயந்திரமும் வந்தது. அந்த இயந்திரம் இருக்கும் மேசையில் கட்டுக்கு நினைவு இல்லை. நளனே வந்தாலும் எண்ண ஒன்றுமில்லை.

இதனினும் ஓசையில்லாத மாற்றம் ஒன்று உண்டு. பிளக்ஜாக்குக்கு 100க்கு 150 என்றிருந்ததைப் பல மேசைகளில் 120 ஆக்கிவிட்டார்கள். '3க்கு 2' என்றிருந்த இடத்தில் '6க்கு 5' என்று மேசைத் துணியில் எழுதியிருக்கும். எண்கள் பெரிதாயிருப்பதால் அதுவே நல்லதென்று நம்புவோரும் உளர். அதன் விலை நூற்றுக்கு 1.4. மணிக்கு 60 ஆட்டம், ஆட்டத்துக்கு 100 ரூபா என்று வைத்தால், நால்வரின் முறையில் நன்றாக ஆடுபவர் பழைய மேசையிலே சராசரியாக மணிக்கு 30 ரூபா இழப்பார். புதிய மேசையிலே 114 ரூபா. பகிர்பவரைப் போல ஆடுபவர் பழைய மேசையிலேயே 330 ரூபா.

இந்தச் சராசரியைத் தனியொரு மாலையில் யாரும் காண்பதில்லை. அறுபது ஆட்டத்தில் அதிட்டம் மட்டுமே 900 ரூபா வரை மேலும் கீழும் ஆட்டிவைக்கும். அந்த அலையின் அடியில் 30ம் 114ம் கண்ணுக்குத் தெரியா. 800 ரூபா வென்று எழுபவர் தம் முறை பலித்தது என்பார். 800 ரூபா தோற்றவர் இன்று நேரம் சரியில்லை என்பார். இருவரும் நாளை வருவர். விடுதிக்கு வேண்டியது அந்த வருகை ஒன்றே.

இதனையும் எம் மாணாக்கருக்கு எழுதினோம். அண்மையில் மறுமொழி வந்தது. தம் முறையைக் கைவிட்டதாக அவர் எழுதவில்லை. தாம் வழக்கமாக அமரும் மேசையின் துணியில் 6க்கு 5 என்று எழுதியிருப்பதை இப்போதுதான் கவனித்ததாகவும், இரண்டு ஆண்டுகளாக அதன்மேலேயே கை வைத்து ஆடியிருப்பதாகவும் எழுதியிருந்தார்.